முதல் ஆட்டம் நேரிலா, குரலிலா, எழுத்திலா?

"கதை எழுதி வைத்திருக்கிறேன். விளையாட ஆறு பேர் இருக்கிறார்கள். நாலு பேர் திருகோணமலையில், ஒருவர் லண்டனில், ஒருவர் டொரொன்டோவில். நேரில் நடத்தவா, ஒன்லைனில் நடத்தவா?"

இந்தக் கேள்வி என்னிடம் பல வடிவங்களில் வந்துவிட்டது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஆர்பிஜி ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, தாயக்கட்டை உருட்டி, ஒரு கதையைச் சேர்ந்து ஆடுவது) ஒன்றைக்கூட இன்னும் நடத்தாதவர்கள். விதிகளை இரண்டு தரம் வாசித்திருப்பார்கள். ஒரு அப்பியாசக் கொப்பி நிறைய ஊர்ப்பெயர்களும் எதிரிகளும் வரைபடங்களும் இருக்கும். பிறகு எங்கே, எப்படி என்ற இடத்தில் மாதக்கணக்கில் நின்றுவிடுவார்கள். அந்தக் கொப்பிகளில் நல்ல கதைகள் இருக்கின்றன. அவை யாராவது நாலு பேருக்கு முன்னால் ஆடப்பட வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

வழிகள் மூன்று. கொன்வென்ஷன் (ஆட்டக்காரர்கள் கூடும் பெரிய ஒன்றுகூடல்) பாணியில் ஒரே நாளில், நேரில், 4 மணித்தியாலத்தில் தொடங்கி முடிப்பது ஒன்று. டிஸ்கோர்ட் போன்ற செயலியில் குரல் வழியாக நடத்துவது இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் எழுத்தாக, நாட்கணக்கில் நடத்துவது மூன்றாவது. நான் மூன்றிலும் ஒரே கதையை நடத்தியிருக்கிறேன். தயாரிப்புக்குச் செலவான நேரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த நேரம் போய்ச் சேர்ந்த வேலை ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தது.

அந்தக் கதையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 1942 ஏப்ரல் 8 இரவு. ஜப்பானிய விமானங்கள் வரலாம் என்ற எச்சரிக்கையில் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் வெளியேறுகின்றன. அவற்றில் ஒன்றான எச்எம்எஸ் ஹெர்மிஸ் மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்படும். ஆட்டக்காரர்கள் கரையில் இருக்கும் சாதாரண சனம்: துறைமுகக் கூலி, மூதூர் வள்ளக்காரர், ஆஸ்பத்திரித் தாதி, கடை முதலாளி, கோட்டை வாசல் காவற்காரர், பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை. விடிவதற்குள் யாரை எங்கே அனுப்புவது, எதை விட்டுப் போவது என்று முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

## எதை வைத்து அளப்பது

"எது நல்லது" என்று கேட்டால் பதில் வராது. கீழே உள்ளவற்றைக் கேட்டால் வரும்.

- ஒருமுறை தயாரித்ததை எத்தனை முறை ஆடலாம்?
- ஒருவர் வராவிட்டால் ஆட்டம் நிற்குமா?
- ஆட்டக்காரர் கையில் என்ன இருக்கிறது? போன் மட்டுமா, கொம்பியூட்டரும் இருக்கிறதா? கடையில் வாங்கிய 6 பக்கத் தாயக்கட்டையா, 20 பக்கக் கட்டையா?
- எந்தத் தமிழில் பேசப்போகிறார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. எனக்கு இது முக்கியமான கேள்வி, பிறகு விளக்குகிறேன்.
- யாருக்காவது மனம் நொந்தால், நடத்துபவருக்கு அது எவ்வளவு விரைவில் தெரியவரும்?

பணத்தைத் தனியாகச் சேர்க்கவில்லை. விதிகளுக்குப் பணம் தேவையில்லை என்பதுதான் காரணம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. ஃபேட் என்ற இன்னொரு ஆர்பிஜியின் விதிகளும் அதே வகை உரிமத்தில் கிடைக்கின்றன. மூலத்தை உரிய முறையில் குறிப்பிட்டால், தேவையான பக்கங்களைத் தமிழாக்கி போட்டோ கொப்பி எடுத்துக் கொடுக்கலாம்.

## நேரில், 4 மணித்தியாலம்

அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய ஜென் கொன் போன்ற பெரிய கொன்வென்ஷன்களில் ஒரு ஆட்டத்துக்கு வழமையாக 4 மணித்தியாலம்தான் ஒதுக்குவார்கள். எங்கள் ஊருக்கும் அந்த அளவு அப்படியே பொருந்துகிறது. போயா (முழுநிலா நாள்) விடுமுறை மாதத்துக்கு ஒன்று கட்டாயம் வரும். காலை 9 மணிக்குத் தொடங்கினால் 1 மணிக்கு முடியும். மூதூரில் இருந்தோ கிண்ணியாவில் இருந்தோ வருபவர்கள் வெளிச்சத்தில் வீடு திரும்பலாம். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் "ஒரு மணிக்கு முடியும்" என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்படிச் சொன்னால் ஒரு மணிக்கு முடிக்கத்தான் வேண்டும். நேரில் நடத்தும் ஆட்டத்தின் தயாரிப்பில் பாதி இந்த ஒரு விஷயத்துக்கே போகும். என் கணக்கு இப்படி: முதல் 20 நிமிடத்தில் அறிமுகம், பாத்திரம் தெரிவு செய்வது, விதிகளில் அத்தியாவசியமான நாலு வரி. 25ஆவது நிமிடத்தில் முதல் காட்சி தொடங்கியிருக்க வேண்டும். 2 மணித்தியாலத்தில் தேத்தண்ணி. கதை எங்கே நின்றாலும் சரி, தொடங்கி 3 மணித்தியாலம் 10 நிமிடத்தில் கடைசிக் காட்சியைத் திறந்துவிடுவேன். அதனால் நடுவில் இருக்கும் காட்சிகளை ஒன்றையொன்று சாராமல் எழுதுகிறேன். எந்தக் காட்சியையும் தூக்கி எறியலாம். துறைமுகக் கதையில் விடியும் நேரம் எல்லோருக்கும் முன்பே தெரியும். காட்சி முடிய ஒருமுறை "இப்போது இரவு 11 மணி", "இப்போது 2 மணி" என்று சொல்லிக்கொண்டு வந்தால் ஆட்டக்காரர்களே வேகம் எடுப்பார்கள். முதல் கதைக்கு இப்படியான ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்: விடியல், கடைசி ரயில், அலை ஏறும் நேரம், எதுவானாலும் சரி.

பாத்திரங்களை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோங்கள். அறிமுகமில்லாதவர்களை உட்காரவைத்துப் பாத்திரம் உருவாக்கச் சொன்னால் ஒரு மணித்தியாலம் போய்விடும். ஆறு பாத்திரம் எழுதுங்கள், கதை மூன்று பேருடனும் நடக்கும்படி அமையுங்கள், கதையின் சாவியை எந்தப் பாத்திரத்தின் கையிலும் கொடுக்காதீர்கள். ஒருமுறை வள்ளக்காரரிடம் மட்டும் ஒரு இரகசியத்தை எழுதி வைத்திருந்தேன். அன்று வந்த நாலு பேரில் ஒருவரும் வள்ளக்காரரை எடுக்கவில்லை. கதை இரண்டாவது மணித்தியாலத்தில் முட்டி நின்றது.

தமிழ் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதிய பாத்திரத் தாள்களில் பலமும் திறமையும் எண்களாக இருக்கும். அதை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தபோது ஆட்டக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்நியர் இருவர் மேசையில் இருக்கிறார்கள். ஒருவர் மற்றவரை நீ என்பதா, நீங்கள் என்பதா என்ற தயக்கத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. தாளில் ஒரு வரி சேர்த்தேன்: "கடை முதலாளியை மாமா என்று கூப்பிடுவீர்கள்; அவருக்கு நீங்கள் காசு தரவேண்டும்." "தாதி உங்களுக்கு அக்கா முறை; அவர் சொன்னால் மறுக்க மாட்டீர்கள்." அன்றைக்கு முதல் பத்து நிமிடத்திலேயே மேசையில் சண்டை பிடித்தார்கள், சமாதானம் ஆனார்கள். உறவுமுறைச் சொல் ஒன்று கிடைத்தால் எங்கள் ஆட்களுக்கு நடிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை.

தாயக்கட்டை விஷயத்தில் ஒன்றே ஒன்று. 20 பக்கக் கட்டை எங்கள் கடைகளில் கிடைப்பது கஷ்டம். 6 பக்கக் கட்டை லூடோப் பெட்டியிலேயே இருக்கிறது. 6 பக்கக் கட்டையால் ஆடும் விதியைத் தெரிவு செய்யுங்கள். ஃபேட் ஆட்டத்துக்குத் தனிக் கட்டை விற்பார்கள். அதை வாங்காமல் நாலு சாதாரணக் கட்டையை உருட்டி, 1, 2 விழுந்தால் கழித்தல், 3, 4 விழுந்தால் வெறுமை, 5, 6 விழுந்தால் கூட்டல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணில் படாத செலவுகளும் இருக்கின்றன. ஒரே ஹோலில் இரண்டு மேசை போட்டால் இரண்டு ஜீஎம்மும் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) கத்த வேண்டியிருக்கும்; மறுநாள் குரல் இராது. ஃபேன் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வேர்க்கும். மேசைக்கு ஆறு கூழாங்கல் கொண்டுபோங்கள். நொவெம்பர், டிசெம்பர் மழையில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நினைத்தே திட்டமிடுங்கள்.

கடைசியாக, மனம் நோவது. இந்த ஊரில் யுத்தமும் 2004 சுனாமியும் ஆளைக் கொண்டுபோன வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். முன்பின் அறியாதவர் மேசைக்கு வந்து உட்காரும்போது அவர் வீட்டுக் கதை எனக்குத் தெரியாது. அதனால் அறிவித்தலிலேயே கதை எதைப் பற்றியது என்று எழுதுகிறேன். மேசை நடுவில் எக்ஸ் அடையாளம் போட்ட ஒரு அட்டை இருக்கும். ஜோன் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கி, இன்று கொன்வென்ஷன்களில் பலரும் பயன்படுத்தும் முறை அது. யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டு அடுத்ததுக்குப் போவோம். ஏன் என்று கேட்பதில்லை. துறைமுகக் கதையில் குண்டு விழும் காட்சியே கிடையாது. தூரத்தில் விமானச் சத்தம் கேட்பதோடு முடித்துவிடுவேன். முதலில் அப்படி இருக்கவில்லை. ஒருமுறை ஒரு அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியில் போய் நின்றார். முகத்தைப் பார்த்ததால் எனக்கு உடனே தெரிந்தது. நேரில் ஆடுவதில் இருக்கும் பெரிய நன்மை இதுதான்.

## குரல் வழியாக, ஒன்லைனில்

உறவினரும் சிநேகிதரும் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு இது இயல்பான தெரிவு. ஆனால் முதலில் தயாரிக்க வேண்டியது கதை அல்ல, கடிகாரம். இங்கே சனி இரவு 8 மணி என்றால் கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் 3:30, டொரொன்டோவில் காலை 10:30. குளிர்காலத்தில் 2:30, 9:30. எங்கள் கடிகாரம் மாறுவதில்லை, அவர்களுடையது மாறும்; அதுவும் ஒரே நாளில் மாறாது. டொரொன்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், பிரித்தானியா மார்ச் கடைசி ஞாயிறு மாற்றும். இடைப்பட்ட வாரங்களில் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக நேரத்தை எழுதி அனுப்பாவிட்டால் ஒருவர் ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோதான் வருவார். சிட்னியில் யாரும் இருந்தால் அந்த நேரம் அவருக்கு நள்ளிரவு தாண்டிவிடும். அவருக்காக ஞாயிறு காலை ஆட்டம் வைக்கலாம், ஆனால் அப்போது டொரொன்டோக்காரர் சனி இரவு கண்விழிக்க வேண்டும். மூன்று கண்டத்தையும் ஒரே ஆட்டத்தில் கட்டவேண்டாம் என்பதே என் ஆலோசனை.

செயலிகளில் ஸூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடும். கூகுள் மீட் இலவசமாக மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 60 நிமிடம். டிஸ்கோர்ட் குரல் அறைக்கு அப்படி எல்லை இல்லை. அதன் வழமையான குரல் தரம் விநாடிக்கு 64 கிலோபிட்; ஒருவர் ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் பேசினாலும் சுமார் 29 எம்பிதான் போகும். கமராவைத் திறந்தால் அந்தக் கணக்கெல்லாம் உடைந்துவிடும். ஆட்டத் தொடக்கத்தில் ஒரு ஐந்து நிமிடம் முகம் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

வரைபடம் காட்டும் தளங்கள் பல. ரோல்20 பிரவுசரிலேயே இயங்கும், இலவசக் கணக்கு போதும். ஔல்பேர் ரோடியோ அதைவிட எளிது. ஃபவுண்ட்ரி மிகவும் வடிவானது; ஒருமுறை 50 டொலர் கட்ட வேண்டும், ஜீஎம் ஒருவர் வாங்கினால் போதும். ஆனால் அதை உங்கள் கொம்பியூட்டரில் நிறுவி மற்றவர்களை உள்ளே விட வேண்டும். மொபைல் நெட்வேர்க் ரவுட்டரில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வது வழக்கம் என்பதால் வெளியில் இருந்து வருபவருக்குக் கதவு திறக்காது. மாத வாடகைக்கு சேர்வர் எடுக்க நேரும். அதைவிடப் பெரிய செலவு உங்கள் மாலை நேரங்கள். வரைபடத்தில் சுவர் வரைவதிலும் விளக்கு வைப்பதிலும் நான் இரண்டு வாரம் செலவழித்தேன். போனில் சேர்ந்த தம்பி ஒருவருக்கு அந்தப் படம் கடைசிவரை திறக்கவே இல்லை. இப்போது ஒரு கடதாசியில் துறைமுகத்தை வரைந்து, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஆட்டத்தில் எந்தக் குறையும் வரவில்லை.

குரலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நேரில் மேசையின் ஒரு மூலையில் இரண்டு பேர் தங்களுக்குள் குசுகுசுப்பார்கள், மற்ற மூலையில் காட்சி நடக்கும். இங்கே அது இல்லை. "அடுத்தது தாதி, அவருக்குப் பிறகு காவற்காரர்" என்று எப்போதும் இரண்டு பேரை முன்கூட்டிக் கூப்பிடுங்கள். அடுத்தவர் யோசிக்க நேரம் கிடைக்கும். என் அனுபவத்தில் நேரில் 4 மணித்தியாலம் எடுத்த கதை குரலில் 5 மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது. அதை ஒரே இரவில் இருந்து முடிக்க முடியாது. இரண்டிரண்டு மணித்தியாலமாக மூன்று இரவுக்குப் பிரியுங்கள். ஒவ்வொரு இரவின் முடிவிலும் பாத்திரங்களை ஏதாவது ஒரு இடத்தில் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அடுத்த கிழமை ஒருவர் வராவிட்டால் அவர் பாத்திரத்தை அங்கேயே விட்டுப் போகலாம்.

அப்புறம், கரண்ட். ஜீஎம் வீட்டில் கரண்ட் போனால் ஆட்டமே போய்விடும். வேறொருவரிடம் அடுத்த காட்சியின் அரைப் பக்கக் குறிப்பைக் கொடுத்து வையுங்கள். நீங்கள் போன் டேட்டாவில் திரும்பி வரும்வரை அவர் கொண்டுபோவார்.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் சேரும்போது தமிழை விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அப்படியே விடுங்கள். இரண்டாவது இரவில் லண்டனில் இருந்து ஆடிய ஒரு பிள்ளை வள்ளக்காரராக "பொறுங்கோ மாமா, நான் வாறன்" என்று சொன்னதைக் கேட்டு, இங்கே கடை முதலாளியாக இருந்தவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. ஒன்லைன் ஆட்டத்துக்கு நான் படும் சிரமம் எல்லாம் அந்த ஒரு வரிக்கே சரியாகிவிட்டது.

## எழுத்தில், நாட்கணக்கில்

மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சனிக்கிழமை கூடக் கிடைக்காது. முறைவேலை செய்யும் தாதியருக்கும் அப்படித்தான். அவர்களுக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை, இது நல்ல வழியும்கூட. ஒரு காட்சியை எழுதிப் போடுவீர்கள். அவரவர் நேரத்தில் பதில் எழுதுவார்கள். எழுதச் சோம்பலானவர் குரல் பதிவு அனுப்பலாம்.

மேசையில் கால் மணித்தியாலம் எடுக்கும் காட்சி இங்கே நாலு நாள் எடுக்கும். சண்டைக் காட்சியைக் கட்டைக்குக் கட்டை உருட்டி நடத்தினால் ஒரு கிழமை போய்விடும். ஒரே உருட்டலில் முடித்துவிடுங்கள். இரண்டு விதி கட்டாயம் வேண்டும். 24 மணித்தியாலத்தில் பதில் வராவிட்டால் ஜீஎம் அந்தப் பாத்திரத்தை நகர்த்துவார். கதை முடியும் திகதி முதல் நாளே அறிவிக்கப்படும். திகதி இல்லாமல் தொடங்கிய இரண்டு ஆட்டங்கள் என் போனில் பாதியில் கிடக்கின்றன.

இங்கே மறைந்திருக்கும் செலவு உங்கள் ஓய்வு. ஆட்டம் ஒருபோதும் மூடாது. இரவு 12 மணிக்கும் பதில் வரும், நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். மனம் நொந்தவரையும் அடையாளம் காணமுடியாது. அவர் வேலையில் இருக்கிறாரா, விலகிப் போய்விட்டாரா என்று மௌனத்தில் இருந்து சொல்ல இயலாது. மூன்று பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | நேரில் | குரலில் | எழுத்தில் |
|---|---|---|---|
| திரும்ப ஆடலாமா | பல முறை, புதிய ஆட்களுடன் | ஓரிரு முறை | பெரும்பாலும் இல்லை |
| ஒருவர் வராவிட்டால் | கூடுதல் பாத்திரம் இருந்தால் பாதிப்பில்லை | அந்த இரவு தடுமாறும் | தெரியக்கூட வராது |
| தேவையான சாமான் | கடதாசி, 6 பக்கக் கட்டை | இயர்போன், நிலையான டேட்டா | போன் |
| மனம் நொந்தால் | உடனே தெரியும் | குரலில் ஓரளவு தெரியும் | பிந்தியே தெரியும் |

## சரி, எதை எடுப்பது

முதல் கதை என்றால் நேரில் நடத்துங்கள். நீங்கள் கடைசியில் ஒன்லைனில்தான் நடத்தப்போகிறீர்கள் என்றாலும், முதலில் வீட்டு விறாந்தையில் நாலு பேரை இருத்தி ஒருமுறை நடத்திப் பாருங்கள். எந்தக் காட்சியில் ஆட்கள் முன்னால் சாய்கிறார்கள், எதில் போனைப் பார்க்கிறார்கள் என்பது மேசையில்தான் கண்ணுக்குத் தெரியும். நேரில் தேறிய கதையைக் குரலுக்குக் கொண்டுபோவது இலேசு: காட்சிகளில் மூன்றில் ஒன்றை வெட்டி, மிச்சத்தை இரவுகளாகப் பிரித்தால் சரி. குரலுக்காக எழுதிய கதையை மேசைக்குக் கொண்டுவந்தபோது பாதியை மறுபடி எழுத நேர்ந்தது.

ஆட்டக்காரர் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்தாலோ, ஒரே கூட்டத்துடன் மாதக்கணக்கில் தொடர்கதை ஆட விரும்பினாலோ குரல். நேரம் பொருந்தாத, ஆனால் எழுத விருப்பமுள்ள இரண்டு மூன்று பேர் மட்டும் இருந்தால் எழுத்து.

முதலில் கேட்ட அந்த ஆறு பேருக்கு வருகிறேன். நாலு பேரும் ஒரு வீட்டில் மேசையைச் சுற்றி இருந்துகொண்டு, நடுவில் ஒரு போனை வைத்து, லண்டன்காரரையும் டொரொன்டோக்காரரையும் அதில் கூப்பிடலாம் என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். இங்கே சிரிப்புக் கேட்கும், அங்கே இரைச்சல்தான் போகும்; அரை மணித்தியாலத்தில் அந்த இரண்டு பேரும் ஆட்டத்தில் இருந்து கழன்றுவிடுவார்கள். அடுத்த போயாவுக்கு இங்கே உள்ள நாலு பேருடன் நேரில் ஆடி முடியுங்கள். வள்ளக்காரரையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள். அவர்கள் இருவரும் அந்த இரவில் கடலுக்குள் என்ன செய்தார்கள் என்பதை அடுத்து வரும் சனிக்கிழமைகளில் குரலில் ஆடலாம். அன்று ஆறு பேரும் ஆளுக்கொரு போனும் ஆளுக்கொரு இயர்போனுமாக, ஒரே வீட்டில் இருப்பவர்கள்கூட வேறு வேறு அறையில் இருந்து, டிஸ்கோர்ட்டுக்கு வரட்டும்.